பிடித்த பகிடித் தளத்தில் மதிப்புப் போய்விட்டதா? விலகி வர ஒரு வழிகாட்டி

ஒரு பகிடித் தளம் அலுத்துப்போவது வேறு, அதில் வைத்திருந்த மதிப்புப் போவது வேறு. அலுத்துப்போனால் ஒன்றும் செய்யத் தேவையில்லை, தன்பாட்டில் மறந்துவிடும். மதிப்புப் போனால்தான் சிக்கல். விடவும் மனம் வராது, பார்க்கவும் பொறுக்காது. தினமும் போய்ப் பார்த்து, எரிச்சல்பட்டு, அந்த எரிச்சலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி, அவர்களும் போய்ப் பார்த்து, கடைசியில் பிடிக்காத தளத்துக்கு நாங்களே ஆள் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருப்போம். திருகோணமலையில் எனக்குத் தெரிந்த ஆட்களில் பாதிப்பேர் இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். இது அவர்களுக்காக.

என்னுடையது எந்தத் தளம் என்று எழுதப் போவதில்லை. உங்களுக்கும் ஒன்று இருக்கும், அதை நினைத்துக்கொண்டு வாசியுங்கள். நான் சொல்வது 2022இல் பிடித்துப்போன ஒன்று. அந்த நேரம் நினைவிருக்கும்: மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, கேஸ் இல்லை, பெற்றோலுக்கு விடிய விடிய வரிசை. எங்கள் ஊரில் அதில் ஒரு தனிக் கொடுமை இருந்தது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிறது, அந்த வருட ஜனவரியில்தான் அதைப் பற்றி இந்தியாவுடன் பெரிய ஒப்பந்தமும் எழுதினார்கள், ஆனால் பக்கத்தில் குடியிருக்கிற சனம் ஒரு கான் பெற்றோலுக்கு றோட்டில் படுத்துக் கிடந்தது. இதை வைத்து அந்தத் தளம் போட்ட பகிடிகள் ஒவ்வொன்றும் மருந்து மாதிரி வேலை செய்தன. பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது, கோட்டைப் பக்கம் திரிகிற மான் ஒன்றின் படத்தைப் போட்டு, “இந்த ஊரில் கியூஆர் இல்லாமல் ஓடுகிற ஒரே வாகனம்” என்று எழுதியிருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் போனைக் கைமாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் யாரையும் நோகடிக்கவில்லை. நோக வேண்டியவர்களுக்கு மட்டும் நொந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

மாறியது தளமா, நீங்களா

இதை நினைவை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பழைய பகிடி எல்லாம் நினைவில் நல்லதாகத்தான் இருக்கும், மோசமானவை மறந்துபோயிருக்கும். எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

தனி இணையத்தளம் என்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்துகிற வேபேக் மெஷின் இருக்கிறது. தளத்தின் முகவரியை அதில் போட்டால் வருடம் வருடமாக ஒரு நாட்காட்டி வரும், வட்டம் போட்ட நாட்களில் அந்தப் பக்கம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று திறந்து பார்க்கலாம். பேஸ்புக் பக்கம் என்றால் அதிலேயே பதிவுகளை வருடப்படி வடிகட்டிப் பார்க்க வழி உண்டு. உங்களுக்குப் பிடித்திருந்த காலத்தில் ஒரு கிழமை, இப்போது ஒரு கிழமை, இரண்டையும் ஒரே இருப்பில் பாருங்கள். “சிரிப்பு வருகிறதா” என்று மட்டும் பார்த்தால் போதாது. “யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள்” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். அமைச்சர், மின்சார சபை, நாங்களே, வெளிநாட்டு அண்ணாமார், மனைவி, மலையகத்தார், குண்டானவர்கள் இப்படி. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதற்குப் பிறகு ஒருவரும் உங்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பட்டியல் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால், அதுவும் ஒரு பதில்தான். தளம் அன்றும் இதேதான், நீங்கள்தான் வளர்ந்துவிட்டீர்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, விலகுகிற வழி ஒன்றுதான்.

பேஸ்புக் பக்கங்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. பக்கத்தின் ‘அறிமுகம்’ பகுதிக்குள் வெளிப்படைத்தன்மை என்று ஒரு இடம் இருக்கும். பக்கம் எப்போது தொடங்கியது, பெயர் எத்தனை தரம் மாறியது என்று அங்கே காட்டும். சில பக்கங்களுக்கு அதை நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றும் காட்டும். சமையல் குறிப்பாகத் தொடங்கி, நடிகர் ரசிகர் பக்கமாக மாறி, பிறகு பகிடிப் பக்கமானது என்றால் அதைக் கைமாற்றி விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீங்கள் மதித்த ஆட்கள் எப்போதோ போய்விட்டிருப்பார்கள், நீங்கள் கோபப்பட்டுக்கொண்டிருப்பது யாரோ புதியவரோடு.

குற்றங்களைப் பிரித்துப் பாருங்கள், எல்லாம் ஒரே அளவு இல்லை

பகிடி வறண்டுபோவதை மன்னித்துவிடுங்கள். தினமும் மூன்று நேரம் சிரிப்புக் காட்ட மனிதனால் முடியாது. வடிவேலுவின் அதே நாலு முகத்தை வைத்து எவ்வளவு காலத்துக்குத்தான் ஓட்டுவார்கள்.

களவு அதைவிடக் கொஞ்சம் கூட. படத்தின் ஓரத்தில் இருக்கிற பெயரை வெட்டிவிட்டுத் தங்கள் பெயரைப் போடுவது. பார்த்தாலே தெரியும், அடியில் எழுத்தின் பாதி தலை வெட்டுப்பட்டு நிற்கும். செய்தவன் சின்னப் பெடியனாக இருந்தால் இன்னும் அநியாயம்.

விளம்பரத்தைப் பகிடி மாதிரிப் போடுவது இன்னும் ஒரு படி. அதிலும் ஒன்லைன் சூது, உடனடிக் கடன் ஆப் என்று வந்தால் நான் ஒரு தரத்துக்கு மேல் பொறுப்பதில்லை. தேர்தல் காலம் வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: எல்லாரையும் கிழிக்கிற தளம் எந்தக் கட்சியை மட்டும் தொடாமல் விடுகிறது என்று.

பொய்ச்செய்தியைப் பகிடி என்று சொல்லித் தப்புவதும் உண்டு. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நையாண்டிச் செய்தி என்றாலே பொய்ச்செய்திதான், அது தப்பில்லை. அமெரிக்காவின் தி ஆனியன் எழுதிய ஒரு நையாண்டியை 2002இல் பெய்ஜிங் ஈவினிங் நியூஸ் உண்மை என்று நம்பி அச்சடித்தது. புதுக் கட்டடம் கட்டித் தராவிட்டால் வாஷிங்டனை விட்டே போய்விடுவோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் மிரட்டுகிறதாம். அதில் ஏமாந்தது பத்திரிகை, கேலிக்கு உள்ளானது அதிகாரத்தில் இருப்பவர்கள். ஆனால் “நாளை முதல் கேஸ் கிடையாது” என்று போட்டுச் சனத்தைக் கடைக்கு ஓடவிட்டு, மாலையில் “சும்மா பகிடி” என்று எழுதுகிறவன் நையாண்டிக்காரன் இல்லை.

இப்போது பெரிய குற்றம். திருப்பிக் கதைக்க வழியில்லாத ஆளைப் பிடித்து வைத்துச் சிரிப்பது.

நான் விலகிய பதிவு இதுதான். கன்னியா வெந்நீரூற்றில் யாரோ ஒளித்திருந்து எடுத்த படம். வயதான அம்மா ஒருவர், ஈரச் சேலை, கையில் நீலநிறப் பிளாஸ்டிக் வாளி, கண்ணை மூடிக்கொண்டு தலையில் தண்ணீர் ஊற்றுகிறார். அங்கே சனம் பிதிர்க்கடன் செய்யவும் வருகிறது என்று இந்த மாவட்டத்தில் யாருக்குத்தான் தெரியாது. மேலே வழக்கமான சினிமா முகம் ஒன்று, கீழே அந்த அம்மாவின் உடம்பைப் பற்றி ஒரு வரி. முகத்தை மறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து “இது எங்கட ஒழுங்கையில இருக்கிற அன்ரி எல்லோ” என்று எழுதுகிறார், அதற்கும் சிரிப்பு முகங்கள் குவிகின்றன. மானை வைத்துக் கியூஆர் பகிடி போட்ட அதே தளம்.

இதற்கு நான் வைத்திருக்கிற சோதனை எளிது: சத்தமாக வாசியுங்கள். பின்னேரம் டச்சு பே கடற்கரையில் இருக்கிறீர்கள், பக்கத்தில் கிண்ணியாவில் இருந்து வந்த கூட்டாளி, சிங்களக் கூட்டாளி, உங்கள் அக்கா, கச்சான் விற்கிறவர். அந்தப் பகிடியை அவர்கள் எல்லாருக்கும் கேட்க வாசிக்க முடியுமா? முஸ்லிம்களைப் பற்றியது என்றால் கிண்ணியாக் கூட்டாளி எழும்பிப் போனபின்தான் வாசிக்க முடியும், மலையகத் தமிழைப் பற்றியது என்றால் தோட்டத்தில் பிறந்தவர் ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வாசிக்க முடியும் என்றால், அந்தப் பகிடிக்கு ஆள் குறைய வேண்டியிருக்கிறது. மூன்று சனமும் கலந்து வாழ்கிற ஊரில் இந்தச் சோதனைக்கு நாங்கள் தேடிப் போகத் தேவையில்லை, பஸ் ஸ்டாண்டில் நின்று வாசித்தாலே போதும்.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்கிறேன். 2019 மே மாதம் உலகமே ஒரு தமிழ்ப் பகிடிக்குச் சிரித்தது. ஒரு பேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, ஒருவர் வந்து, இது ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலையில் விழுந்தது என்று 2001இல் வந்த பிரெண்ட்ஸ் படக் காட்சியை உண்மைச் சம்பவம் மாதிரி எழுத, நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்று டுவிட்டரே நிரம்பியது. இல்லாத ஒரு ஆளுக்காக எல்லாரும் அழுது நடித்த பகிடி. யாருடைய மானமும் போகவில்லை.

ஏன் இப்படி ஆகிறார்கள்

இது தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும், விலகுவதும் சுலபம். பெரும்பாலும் ஆட்கள் கெட்டுப்போவதில்லை, பணம் வருகிற வழி மாறுகிறது. கூகுளின் அட்சென்ஸ் விளம்பரம் தமிழ்த் தளங்களுக்குத் திறந்தது 2018 பெப்ரவரியில். அதற்கு முன் பொழுதுபோக்குக்கு எழுதினவர்கள், அதற்குப் பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். அதே வருடத் தொடக்கத்தில் பேஸ்புக், ஆட்கள் கதைத்துப் பதில் எழுதுகிற பதிவுகளை மேலே தூக்கப் போவதாக அறிவித்தது. நல்ல பகிடிக்கு ஆள் சிரித்துவிட்டுப் போய்விடுவான். கெட்ட பகிடிக்குத்தான் நூறு பேர் நின்று சண்டை பிடிப்பான். எது மேலே வரும் என்று யோசியுங்கள்.

இன்னொரு விவரம். எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று பேஸ்புக் போடுகிற கணக்கில், 2017இல் தொடங்கும்போது கோப முகம் உட்பட லைக்கோடு வருகிற முகக்குறிகளுக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு எடை இருந்தது. கோப முகத்தின் எடையை 2020இல் பூச்சியமாக்கினார்கள். இதெல்லாம் 2021இல் அவர்களின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது தெரிந்தது. ஆகவே அந்தக் காலத்தில் கோப முகத்தைக் குத்திக் கண்டித்த அத்தனை பேரும் அந்தப் பதிவைப் பல லைக் அளவுக்கு உயர்த்திக் கொடுத்திருக்கிறார்கள்.

பெரிய தளங்களும் தப்பவில்லை. 1958இல் பத்திரிகையாகத் தொடங்கிய கிராக்ட், இணையத்தில் கொடிகட்டிப் பறந்துவிட்டு 2017 டிசம்பரில் எழுத்தாளர்களைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பியது. காலேஜ்ஹியூமர் 2020 ஜனவரியில் நூறு பேருக்கு மேல் நிறுத்தியது. எங்கள் ஊர்ப் பெடியன்கள் நாலு பேர் இரவில் இருந்து நடத்துகிற தளம் எம்மாத்திரம்.

இங்கே இன்னொரு காரணமும் உண்டு. 2023இல் மேடைச் சிரிப்புக் கலைஞர் நதாஷா எதிரிசூரியவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள், 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. பெரிய ஆட்களைத் தொட்டால் பொலிஸ் வரும், ஏழை அம்மாவைத் தொட்டால் யாரும் வரமாட்டார்கள். பயம் விளங்குகிறது. ஆனால் பயமென்றால் பேசாமல் இருக்கலாமே, அந்த அம்மாவிடம் போய்த் தைரியம் காட்டுவது என்ன தைரியம்.

விலகும் வேலை

இது பத்து நிமிட விஷயம். போனில் குரோம் திறந்து, செட்டிங்ஸுக்குள் தளங்களுக்கான அமைப்பு, அதற்குள் நோட்டிபிகேஷன், அங்கே அந்தத் தளத்தை நிறுத்துங்கள். எப்போதோ தெரியாமல் ‘அலவ்’ குத்தியிருப்பீர்கள். பேஸ்புக்கில் அன்போலோ. மனம் வராவிட்டால் 30 நாளைக்கு ஸ்னூஸ் போடுங்கள், அது தானாகத் திரும்பி வரும். வட்ஸ்அப் சேனல், டிக்டொக், இன்ஸ்டகிராம் என்று அதே தளத்துக்கு நாலு வாசல் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே நாளில் மூடுங்கள். ஒன்றை விட்டால் அதனூடாகவே திரும்பி வந்துவிடும்.

“இன்றோடு விலகுகிறேன்” என்று அங்கே பந்தி பந்தியாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். அதுவும் அவர்களுக்கு ஒரு கொமென்ட்தான்.

கடினம் மற்ற இடத்தில்: குடும்ப வட்ஸ்அப் குழு. நீங்கள் விட்டாலும் மாமா விடமாட்டார். அதே படத்தைக் காலை ஆறரைக்குக் குட்மோனிங்கோடு அனுப்புவார். ஒன்றுக்கு மேல் அம்புக்குறி போட்டு வந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று அர்த்தம், அதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டும்தான் அனுப்ப வட்ஸ்அப் விடும். மாமாவுக்குக் குழுவில் எல்லாருக்கும் முன்னால் பாடம் எடுக்காதீர்கள். தனியாக, “மாமா, அந்தப் படத்தில இருக்கிற அம்மா எங்கட ஊர் ஆள் மாமா, பாவம், அழிச்சு விடுங்கோவன்” என்று எழுதுங்கள். ஊர் ஆள் என்றவுடன் அழித்துவிடுவார், தத்துவம் பேசினால் அழிக்கமாட்டார். வயது குறைந்த பெடியன் அனுப்பினால் நேரே கேட்கலாம்: “தம்பி, உன்ர அம்மம்மாவை இப்படி எடுத்திருந்தா?” அவ்வளவு போதும், நீட்ட வேண்டாம். குழுவே முழுக்க அப்படியென்றால் சத்தத்தை நிரந்தரமாக மூடி வையுங்கள். விலகினால் இப்போது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும் என்று நம்பி விலகாதீர்கள், 60 நாளுக்குள் விலகியவர்களின் பட்டியலை உள்ளே இருக்கிற எவரும் திறந்து பார்க்கலாம். கலியாண வீட்டில் கேள்வி வரும்.

தளத்துக்கு எழுதிச் சொல்வதா என்றால், ஒரு தரம் சொல்லலாம். இது சின்ன ஊர், நடத்துகிறவர் யாருடையோ ஒன்றுவிட்ட தம்பியாகத்தான் இருப்பார். இன்பொக்ஸில், எந்தப் பதிவு, என்ன பிழை, என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி. எனக்கு வந்த பதில் “பகிடியைப் பகிடியா எடுங்கோ அக்கா”. சரி என்று விட்டுவிட்டேன், அதற்குமேல் கதைக்க ஒன்றும் இல்லை.

படத்தில் இருப்பது உங்கள் வீட்டு ஆள் என்றால் மட்டும் விடாதீர்கள். முதலில் பதிவின் முகவரியும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், பிறகு பேஸ்புக்கில் துன்புறுத்தல் என்று ரிப்போர்ட் செய்யுங்கள், அதோடு இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட் அமைப்புக்கும் அறிவிக்கலாம். பெண்கள் ஹிதவதி உதவிச் சேவையை நாடலாம், தமிழிலேயே கதைப்பார்கள். ஆத்திரத்தில் அந்தப் படத்தை நீங்களே பகிர்ந்து “இதைப் பாருங்கள் அநியாயத்தை” என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கிற கேடு.

பிறகு எதைப் பார்த்துச் சிரிப்பது

ஒன்றை விட்ட கையோடு அதே மாதிரி இன்னொன்றைத் தேடாதீர்கள், அல்காரிதம் உங்களுக்கு அதன் தம்பியைத்தான் காட்டும். கொஞ்ச நாள் பழையதைப் பாருங்கள். நூலகம் என்ற இணைய நூலகத்தில் சிரித்திரன் என்ற பழைய நகைச்சுவைப் பத்திரிகையின் இதழ்கள் ஸ்கேன் செய்து கிடக்கின்றன, இலவசம். அதில் சுந்தர் வரைந்த சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைப் பார்த்தால், யாழ்ப்பாணத்துப் பெருமைகளை ஒரு யாழ்ப்பாணத்தான் எப்படிக் கிழித்திருக்கிறான் என்று தெரியும். தன் முற்றத்தில் நின்று அடிக்கிற பகிடிக்கு ஒரு துணிச்சல் வேண்டும். பழசெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை, பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் மாமியார், மருமகள், டொக்டர் பகிடிகளில் பாதி இன்றைக்குக் கொட்டாவிதான்.

புதிதாகப் பார்ப்பதென்றால் பெரிய பக்கங்களை விட்டுவிட்டுத் தன் பெயரில் எழுதுகிற தனி ஆட்களைத் தொடருங்கள். பெயர் தெரிந்த ஆளுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். அவர்கள் காசு கேட்டால், முடிந்தால் ஒரு ரீலோட் அளவுக்காவது கொடுங்கள். நான் மேலே சொன்ன காலேஜ்ஹியூமரை அங்கே வேலை செய்த சாம் ரைக் வாங்கி, பார்க்கிறவர்களிடமே சந்தா வாங்கி நடத்தி, 2023இல் டிராப்அவுட் என்று பெயரும் மாற்றி நன்றாகக் கொண்டு போகிறார். தி ஆனியனும் 2024இல் கைமாறி, நிறுத்தி வைத்திருந்த அச்சுப் பத்திரிகையைத் திரும்பத் தொடங்கியது. ஆகவே உங்கள் தளமும் திருந்தாது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஸ்னூஸ் முடிந்து திரும்பி வருகிற அன்று பத்துப் பதிவை மட்டும் பாருங்கள், முதலில் போட்ட மாதிரியே யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பட்டியல் போடுங்கள், பதினோராவதைத் திறக்க வேண்டாம்.